படகில் எங்களுக்கும் இடம் வையுங்கள்: நெடுந்தீவுக்கு வரும் நண்பர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வெள்ளிக்கிழமை இரவு வான் பிடித்துப் புறப்பட்டு, சனிக்கிழமை காலையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து நிற்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படிப்பவர்கள், ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் மச்சாள்மாருக்கு ஊர் காட்டக் கூட்டிவருகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் நெடுந்தீவில் பிறந்தவள். படிப்பதற்காகவும், பிறகு யுத்த காலத்தில் உயிர் தப்புவதற்காகவும் தீவை விட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்த பிறகு என் வீடும் வாழ்வும் இங்கேதான்.

வராதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. வெளியாள் ஒருவரும் எங்கள் தீவில் கால் வைக்காத ஆண்டுகளை நான் கண்டிருக்கிறேன். சொந்தச் சகோதரன் செத்தவீட்டுக்குக்கூட வந்துசேர முடியாத காலம் அது. அதைக் கண்ட எவரும், இளம் பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு மாவிலித்துறையில் வந்து இறங்குவதைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள். தாராளமாக வாருங்கள். எந்த நாளில், எந்தப் படகில் வருகிறீர்கள் என்பதை மட்டும் ஒருமுறை யோசியுங்கள் என்று கேட்கிறேன். நான் சொல்ல வந்த மற்றவை எல்லாம் அந்தப் படகிலிருந்துதான் தொடங்குகின்றன.

வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் காரைநகருக்கும் கடலின் நடுவே வீதி போட்டு இணைத்துவிட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒரு வீதி இல்லை. மக்கள் வாழும் யாழ்ப்பாணத் தீவுகளில் மிகத் தள்ளி, பாக்கு நீரிணையில் கிடக்கும் தீவு இது. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் வர வேண்டும். அரிசி, மா, சீமெந்து, சமையல் எரிவாயு, மின்சாரம் பிறப்பிக்கும் டீசல், பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம், வைத்தியசாலைக்கு மருந்து, ஒன்று விடாமல் எல்லாம் கடல் வழியாகவே வருகின்றன. தாலி கட்டப் போகிற பெண்ணும் அதே கடலில்தான் போகிறாள், பிரசவம் முடிந்த பெண்ணும் அதே கடலில்தான் குழந்தையோடு திரும்புகிறாள். உங்களுக்கு அது உல்லாசப் பயணத்தின் ஒரு பகுதி. எங்களுக்கு அதுதான் வீட்டு வாசல்.

நீங்கள் வரும் வீதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இருபக்கமும் ஆழமில்லாத கடல் விரியும். கம்பு நட்டுக் கட்டிய மீன்வலைகள், காலளவு தண்ணீரில் நடந்து இறால் தேடுகிறவர்கள், பருவத்தில் கூட்டமாக வந்து இறங்கும் நீர்ப்பறவைகள் எல்லாம் தெரியும். வேலணையைக் கடந்து வாணர் பாலத்துக்கு வந்தால் காற்று வாகனத்தைத் தள்ளிப் பார்க்கும். இலங்கையில் இப்படி ஒரு வீதியை வேறு எங்கும் பார்த்ததில்லை என்று கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். அந்த வீதி ஒடுக்கமானது. சைக்கிளில் வருகிற கிழவரும், மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற பெண்ணும் ஒதுங்குவதற்கு அங்கே இடமில்லை, ஒதுங்கினால் கடல். படகைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் உங்கள் சாரதி அங்கே ஓட்டும் வேகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பன்னிரண்டு பேர் இல்லாத சிறிய குழு என்றால் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து புறப்படும் 776ஆம் இலக்க பஸ்ஸில் வந்துவிடலாம். குறிகட்டுவான் வரை வரும். தீவுப்பகுதிச் சனங்களின் கதையும் வழிநெடுகக் கேட்கும்.

குறிகட்டுவானில் இரண்டு கூட்டம் நிற்கும். ஒன்று நயினாதீவுக்கு, மற்றது எங்களுக்கு. நயினாதீவு கிட்ட இருக்கிறது. நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் போகிறவர்களுக்காகப் படகுகள் அடுத்தடுத்து ஓடும். ஒன்றைத் தவறவிட்டால் சற்று நேரத்தில் மற்றது. எங்கள் படகு அப்படியல்ல. ஒரு நாளில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஓட்டங்கள்தான். காலையில் இடம் கிடைக்காவிட்டால் பிற்பகல் வரை காத்திருக்க வேண்டும். பிற்பகலிலும் கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இந்த வித்தியாசம் உங்களில் பலருக்குத் தெரிவதில்லை. யாரும் உங்களுக்குச் சொல்லவும் இல்லை.

சென்ற ஆண்டு சித்திரை விடுமுறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஆச்சி ஒருவர் யாழ்ப்பாணத்தில் கண் சத்திரசிகிச்சை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி. கையில் மருந்துச் சீட்டும் கண்ணுக்கு விடும் துளிமருந்தும் போட்ட பொலித்தீன் பை. அந்தத் துளிமருந்து சூடாகக் கூடாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அதனால் பையை ஈரத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அவர் இறங்குதுறைக்கு வந்தபோது படகில் இருக்கைகள் நிறைந்துவிட்டன. இன்னும் வந்து சேராத நண்பர்களுக்காக வரிசையாகத் தோள்பைகள் வைத்து இடம் பிடிக்கப்பட்டிருந்தது. ஆச்சி ஒன்றும் பேசவில்லை. சீமெந்துக் கட்டில் போய் அமர்ந்து, சேலைத் தலைப்பை வெயிலுக்கு முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டார். பைகள் வைத்திருந்த பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். அவர்களில் ஒருவன் தன்னுடைய தண்ணீரை அவருக்குக் குடிக்கக் கொடுத்ததையும் நான் பார்த்தேன். அவர் எந்தப் படகுக்குக் காத்திருக்கிறார், அடுத்த படகு எப்போது, அதற்குள் அந்த மருந்துக்கு என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்திருந்தால் அவனே எழுந்து அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்திருப்பான் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதவும் செய்கிறேன்.

சாதாரண நாட்களில் எங்களுக்கும் உங்களுக்கும் மோதலே இல்லை. நாங்கள் காலையில் யாழ்ப்பாணம் போவோம், பிற்பகலில் திரும்புவோம். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் காலையில் தீவுக்கு வருவார்கள், பிற்பகலில் போவார்கள். நாங்கள் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம். நெருக்கடி வருவது வார இறுதியில் மட்டும். சனிக்கிழமை காலைப் படகில்தான் யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துப் படிக்கும் எங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். கூலி வேலைக்குப் போன தகப்பன்மார் வருவார்கள். வார்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நோயாளிகள் வருவார்கள். ஞாயிறு பிற்பகல் படகில் அவர்களெல்லாம் திரும்பிப் போக வேண்டும்; திங்கட்கிழமை பள்ளிக்கூடம், திங்கட்கிழமை கிளினிக். நீங்கள் தெரிவு செய்வதும் அதே இரண்டு படகுகளைத்தான். பௌர்ணமி விடுமுறையான போயா தினம் சேர்ந்து நீண்ட விடுமுறையாகிவிட்டால் இறங்குதுறையில் நிற்கக்கூட இடம் இராது.

ஆகவே என் வேண்டுகோள் இது. வெள்ளிக்கிழமை காலை வந்து, ஓர் இரவு தங்கி, சனிக்கிழமை போங்கள். வெள்ளிக்கிழமை காலை குறிகட்டுவானிலிருந்து வரும் படகில் பெரும்பாலும் காலை நீட்டி அமரலாம். சனிக்கிழமை இங்கிருந்து புறப்படும் படகிலும் எங்கள் சனம் குறைவு, ஏனென்றால் அன்றைக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்திருப்பார்கள். உங்களுக்கு ஒரு நாள் லீவு எடுக்க வேண்டியிருக்கும், அது எனக்குத் தெரியும். அந்த ஒரு நாள் லீவு எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்தை மீட்டுக் கொடுக்கிறது. லீவு கிடைக்கவே கிடைக்காது, சனி ஞாயிறில்தான் வர முடியும் என்றால், பெரிய குழுவாக இருக்கிறவர்கள் தனியார் படகு ஒன்றை வாடகைக்குப் பேசுங்கள். பதிவுள்ள படகா, ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். பத்துப் பேர் பங்கு போட்டால் பெரிய காசு அல்ல. எங்கள் கடற்றொழிலாளி ஒருவருக்கும் வருமானம்.

பொதுப் படகில்தான் வருகிறீர்கள் என்றால், தோள்பை வைத்து இடம் பிடிக்காதீர்கள். தீவுச் சனம் ஏறி முடிந்த பிறகு ஏறுங்கள். யார் தீவுச் சனம் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அரிசிப் பையும் மருந்துப் பையும் வைத்திருப்பவர்கள் நாங்கள்தான். கடலைப் பார்க்காமல், படம் எடுக்காமல் நேரே கீழ்த்தட்டுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொள்கிறவர்களும் நாங்கள்தான்.

படகில் பாட்டுப் பெட்டியைப் போட்டு ஆடாதீர்கள் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நோயாளி இருப்பார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை உங்கள் வயதில் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி, குமுதினி என்ற பயணிகள் படகு இந்தத் தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நடுக்கடலில் அது மறிக்கப்பட்டு, அதிலிருந்த எங்கள் மக்கள் குழந்தைகள், பெண்கள், முதியவர்கள் என்று பாராமல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.  அந்தப் படகைத் திருத்தி மீண்டும் ஓடவிட்டார்கள். வேறு படகு இல்லாததால் நாங்களும் அதிலேயே ஏறினோம், பல்லாண்டு காலம். உறவுகளை அதில் இழந்தவர்கள் இன்றும் உங்களோடு பயணம் செய்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் மே 15 அன்று மாவிலித்துறை நினைவுத்தூபியில் விளக்கேற்றுகிறோம். நீங்கள் படகால் இறங்கியதும் குழுப்படம் எடுக்கக் கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அந்தத் தூபி இருக்கிறது. முதலில் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் குழுவில் சிங்கள நண்பர்கள் இருந்தால் அது என்ன தூபி என்று அவர்களுக்கும் சொல்லுங்கள். சொன்னால் கேட்கிற பிள்ளைகள்தான் உங்களோடு வருவார்கள். மற்றவர் வாயால் கேட்பதைவிட நண்பனின் வாயால் கேட்பது நல்லது.

இனித் தீவுக்குள் வருவோம். நீங்கள் வாடகைக்குப் பிடிக்கும் ஓட்டோக்காரரிடம் ஒரு பட்டியல் இருக்கும்: பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, வளரும் கல், பாதச் சுவடு, குதிரைகள், இராணிக் கோபுரம். அரை நாளில் அத்தனையையும் முடித்துப் பிற்பகல் படகைப் பிடித்தாக வேண்டும். ஒவ்வொன்றிலும் இறங்கி, படம் எடுத்து, ஏறி, அடுத்ததற்கு ஓட்டம். அந்த இடங்களைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. பெருக்குமரத்தின் பொந்துக்குள் சின்ன வயதில் நாங்களும் ஒளித்துப் பிடித்து விளையாடியிருக்கிறோம். ஆனால் பட்டியலில் இல்லாத ஒன்றை நீங்கள் எல்லோரும் பார்க்காமலே கடந்து போகிறீர்கள். சிலர் அதன்மேல் ஏறியும் நிற்கிறீர்கள்.

எங்கள் வேலிகளைச் சொல்கிறேன். தீவு முழுவதும் வளவுக்கு வளவு முருகைக்கல் மதில் ஓடுகிறது. சீமெந்து இல்லை, சாந்து இல்லை. கல்லின்மேல் கல்லை அதன் வடிவம் பார்த்துப் பொருத்தி வைப்பதுதான் வேலை. கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு கல்லில் மூளை மடிப்புப் போல வளைந்து வளைந்து கோடு ஓடும், அடுத்ததில் ஊசி முனையால் குத்தியதுபோல நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள் இருக்கும். ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் உயிரோடு இருந்தவற்றின் உடல்கள் அவை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விரல் நுழையும் அளவு சந்து விட்டிருப்பார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று அதன் வழியே புகுந்து போய்விடும், அதனால் மதில் சாய்வதில்லை. ஆனால் பக்கவாட்டில் ஓர் ஆள் ஏறி நின்றால் தாங்காது. மேல் கல் ஒன்று விழுந்தால், அடுத்த மழைக்கு முன் அதன் கீழ் இருப்பவையும் தளர்ந்துவிடும். பிறகு மாடு உள்ளே வரும், ஆடு உள்ளே வரும், கிணற்றடியில் நட்ட நாலு மிளகாய்க் கன்றும் போய்விடும். எங்கள் அயலில் ஒரு பெரியவர் இருக்கிறார். திங்கட்கிழமை காலைகளில் வீதியோர மதிலை அடுக்கிக்கொண்டிருப்பார். கல்லை எடுத்துக் கையில் மூன்று நான்கு தரம் திருப்பிப் பார்ப்பார், வைப்பார், பொருந்தாவிட்டால் எடுத்து வேறு கல் பார்ப்பார். அவருக்குப் பிறகு அதை அப்படிச் செய்யத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. கடலிலிருந்து புதிதாகக் கல் எடுக்கச் சட்டமும் இடம் தராது, தரவும் கூடாது. இருக்கிற கல்தான் மிச்சம். ஆகவே மதிலில் ஏறாதீர்கள். ஒரு துண்டு கூட நினைவுக்கு என்று எடுத்துப் போகாதீர்கள்.

மதிலைப் பற்றிப் பேசும்போதே ட்ரோனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மதிலுக்கு உள்ளேதான் எங்கள் கிணறு இருக்கிறது. பெண்கள் குளிப்பது அங்கேதான். மேலே இரைந்துகொண்டு ஒரு கருவி வந்து நின்றால், ஈரச் சேலையோடு இருக்கிற பெண் எங்கே ஓடுவாள்? நீங்கள் தீவின் அழகைத்தான் எடுக்கிறீர்கள், எனக்கு விளங்குகிறது. குளிக்கிறவளுக்கு அது விளங்காது. ஊர்மனைக்கு மேலே பறக்கவிடாதீர்கள்.

குதிரைகளுக்கு மேலேயும் வேண்டாம். இந்தக் குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பைக் கவனித்தார். அவர்களெல்லாம் போய்விட்டார்கள், குதிரைகள் இங்கேயே நின்றுவிட்டன. இன்று அவற்றுக்கு எசமான் இல்லை. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பினால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது. ஆடி ஆவணியில் குளங்கள் வெடித்துப் போனால் அவை தாகத்தில் அலையும். இறந்து கிடந்த ஆண்டுகளும் உண்டு. அப்போது தொட்டிகளில் தண்ணீர் ஊற்றி வைப்பது ஊர்ச் சனம்தான். அப்படி எலும்பு தெரிய நிற்கிற மிருகத்தை, நன்றாக ஓடினால் படம் நன்றாக வரும் என்று மோட்டார் சைக்கிளில் துரத்துகிறார்கள். குட்டி தாயைவிட்டுப் பிரிந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். என்னால் அதைப் பொறுக்க முடியாது, அதனால் இதை மட்டும் வேண்டுகோளாக எழுதவில்லை: துரத்தாதீர்கள். ஓட்டோக்காரர் துரத்திக் காட்டுகிறேன் என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். காசு கொடுக்கிற நீங்கள் சொன்னால் அவர் கேட்பார், நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார். பொழுது சாயும் நேரத்தில் அவை தாமாகவே தண்ணீருக்கு வரும். அந்த நேரத்தில் ஒதுங்கி நின்றால் எந்தத் துரத்தலும் இல்லாமல் ஆற அமரப் பார்க்கலாம். பிற்பகல் படகில் போய்விடுகிறவர்களுக்கு அது கிடைக்காது. ஓர் இரவு தங்குங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் எங்களுக்கே தட்டுப்பாடு. தீவில் கிணறுகள் ஏராளம், பெரும்பாலானவற்றில் உவர் நீர். நல்ல தண்ணீர் என்றால் சாராப்பிட்டிப் பக்கம்தான். கடலில் குளித்துவிட்டு, உப்புப் போக நன்னீரில் குளிக்க வேண்டும் என்று வீடுகளில் கேட்கிறீர்கள். எங்கள் சனம் இல்லை என்று சொல்லாது. விருந்தாளிக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லும் பழக்கம் இங்கே கிடையாது. அந்த வீட்டுப் பெண் மறுநாள் குடத்தோடு எவ்வளவு தூரம் போவாள் என்பதை அவள் உங்களிடம் சொல்லவும் மாட்டாள். ஒரு வாளி போதும். இரண்டாம் வாளி கேட்காதீர்கள். குடிதண்ணீரைச் சின்னச் சின்னப் போத்தல்களில் வாங்காமல் பெரிய கலனில் கொண்டுவாருங்கள். காலிப் போத்தலையும் சாப்பாட்டுப் பார்சல் சுற்றிய லஞ்ச் சீட்டையும் திரும்ப எடுத்துப் போங்கள். இங்கே அதை எரிக்கலாம், புதைக்கலாம், அல்லது கடலுக்கு விடலாம். வேறு வழி இல்லை. வரும்போது பாரமாக இருந்த பை போகும்போது இலேசாகத்தானே இருக்கும்.

தங்குவதற்குப் பெரிய ஹோட்டல்கள் இல்லை. சிறிய விடுதிகள் சிலவும், அறை கொடுக்கும் வீடுகளும் இருக்கின்றன. முதலிலேயே தொலைபேசியில் பேசிவிட்டு வாருங்கள். சாப்பாட்டையும் முதல் நாளே சொல்லுங்கள். பன்னிரண்டு மணிக்கு வந்திறங்கி, பன்னிரண்டு பேருக்கு நண்டுக் கறி என்றால் அந்த அம்மா எங்கே போவார்? முதல் நாளே சொன்னால், விடியற்காலையில் வள்ளம் கரைக்கு வரும்போதே போய் மீன் பார்த்து வாங்கி வைப்பார். ஒடியற் கூழ் கேளுங்கள். காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் சேர்ந்து பெரிய பானையில் கொதிக்கும். அதைப் பனையோலைப் பிளாவில் ஊற்றி, வட்டமாக இருந்து குடிக்க வேண்டும். நண்பர்களாக வருகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கேட்கிற விலையைக் கொடுங்கள். கொழும்பில் ஒரு கோப்பிக்குப் பேரம் பேசாத பிள்ளைகள் இங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பேரம் பேசுவதைக் கண்டிருக்கிறேன். அது எனக்கு வருத்தம்.

கடலில் இறங்குவது பற்றி நான் எழுதாமல் விட முடியாது. இங்கே கரையில் உயிர்காப்பாளர் இல்லை. அடியில் முருகைக்கல் கத்தியாக வெட்டும். குடித்துவிட்டு நீந்துகிற ஒருவருக்கு ஏதாவது நடந்தால், முதலில் கடலுக்குள் பாய்கிறவன் எங்கள் கடற்றொழிலாளிப் பையன்தான். அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். இங்கிருக்கும் வைத்தியசாலையால் முடியாத நோய் என்றால் யாழ்ப்பாணத்துக்குப் படகில்தான் கொண்டுபோக வேண்டும். இரவில், காற்றில், அலை ஏறி இறங்க, நோயாளியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு போன குடும்பங்கள் எங்கள் தீவில் வீட்டுக்கு வீடு உண்டு. அந்தப் பயணத்தை உங்கள் தாய் தகப்பன் கேள்விப்பட வேண்டாம்.

எப்போது வரலாம் என்று கேட்டால், மாசி, பங்குனி, சித்திரை என்பேன். அந்த மாதங்களில் கடல் தட்டையாகக் கிடக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் எழும்பிவிடும், புரட்டாசி வரை அலைதான். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றும் மழையும் வரும். காற்று கூடினால் படகு ஓடாது. அப்படி நிற்கிற நாளில் படகோட்டியோடு சண்டை பிடிக்காதீர்கள். திங்கட்கிழமை அலுவலகம் போக வேண்டும் என்று நீங்கள் கத்துவதால் காற்று இறங்காது. கூடுதல் காசு தருகிறோம், இன்னும் ஐந்து பேரை ஏற்றுங்கள் என்றும் சொல்லாதீர்கள். அதேபோல் கச்சதீவுக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லி வள்ளக்காரர்களை நெருக்க வேண்டாம். அது எங்கள் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் இருந்தாலும், அந்தோனியார் திருவிழாவுக்கு அல்லாமல் நாங்களே அங்கே போவதில்லை. உங்கள் ஆசைக்காகப் போய்ப் பிடிபடுகிறவர் படகை இழப்பார்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, இத்தனை நிபந்தனையா என்று உங்களில் யாருக்காவது மனம் சலித்தால், அவர்களுக்கு நான் சொல்வது ஒன்று. இங்கே தங்கிப் போன பிள்ளைகள் சிலர் எங்களோடு இன்னும் தொடர்பில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இங்குள்ள பள்ளிக்கூடத்துக்கு ஆண்டுதோறும் அப்பியாசக் கொப்பிகள் அனுப்புகிறார். இன்னொருவர் தனக்குத் தெரிந்த கண் வைத்தியரிடம் எங்கள் சனத்தை அனுப்பிவைக்கிறார். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. இரவு முற்றத்தில் பாயில் இருந்து கதைத்தபோது தெரிந்துகொண்டது அவ்வளவும். அரை நாளில் பட்டியலை முடித்துக்கொண்டு ஓடினவர்களுக்கு எங்களில் ஒருவரின் பெயரும் தெரிந்திராது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வந்தும் அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லையே என்ற கவலைதான்.

ஒவ்வொரு குழுவிலும் பயணத்தை ஒழுங்கு செய்கிறவர் ஒருவர் இருப்பார். வான் பேசுவதும், காசு சேர்ப்பதும், திகதி குறிப்பதும் அவர்தான். இந்த மடலை அவரிடம் கொடுங்கள். அடுத்த மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைப் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நெடுந்தீவிலிருந்து உங்கள் அக்கா ஒருத்தி